நண்டுத்திட்டைப் பற்றி அந்தப் புத்தகத்தில் வந்தது

தினேஷ்,

திங்கட்கிழமை பொன்னேரியிலிருந்து திரும்பும்போது திருப்பாலைவனம் பஸ் நிறுத்தத்தில் வண்டியை ஓரங்கட்டி, "எறங்கு. பஸ் வரும்" என்றாய். நான் இறங்கினேன். ஹெல்மெட்டைக் கழற்றாமலே திரும்பி, "இருபத்திரெண்டு வருஷம் வாய மூடிக்கினு இருந்தே இல்ல? இன்னும் ஒரு மாசம் இருந்தா இன்னா கொறஞ்சி பூடும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாய். பஸ் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் உன் கேள்விக்குப் பதில் தேடினேன். கேள்வியில் ஒரு குற்றமும் இல்லை. மூன்று நாளாக நீ வீட்டுக்கு வரவில்லை. நண்பன் வீட்டில் சாப்பிடுகிறாய், அவன் படகிலேயே படுக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். நாளை வெள்ளிக்கிழமை காலை ஊர்க்கூட்டம். உன் பெயரை ஊர் ஏற்குமா, ஆவணியில் உன் கல்யாணம் நடக்குமா என்பதெல்லாம் அங்கே நீ பேசப்போகிற பேச்சில் இருக்கிறது. நீ பேசுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும்.

இது உனக்கு எழுதும் கடிதம்தான், ஆனால் உனக்கு மட்டும் இல்லை. அந்தப் புத்தகத்தில் நம் ஏரியைப் பற்றி வந்த அத்தியாயத்தை ஊர்த்தலைவர் ஜெராக்ஸ் எடுத்து வீட்டுக்கு வீடு கொடுத்தார் அல்லவா, அத்தனை வீட்டுக்கும் இதன் நகலும் போகும். ஏரிச் சேற்றைக் கையால் தடவிப் பிழைக்கிற மேட்டுக்காரர்களுக்கும் போகும், அவர்களுக்கு அந்த அத்தியாயத்தையே யாரும் கொடுக்கவில்லை. இன்று என்ன குழம்பு என்று பக்கத்து வீட்டில் கேட்டால்கூடக் கூச்சப்படுகிறவள் நான். இப்படி ஊர் பூராவும் படிக்க எழுதுவது உனக்கு அவமானமாக இருக்கும் என்று தெரியும். ஆனால் நான் செய்த தவறு அச்சில் போயிருக்கிறது. அதைச் சமையலறையில் நின்று உன்னிடம் மட்டும் சொன்னால் திருத்தியதாகாது. வெளியூர்க்காரர் கையிலும் இது போய்ச் சேரலாம் என்பதால் உனக்குத் தெரிந்த சிலவற்றையும் விளக்கி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

நம் குப்பத்தில் ஏரியைப் பங்கு போடுவதற்குப் பாடு என்று பெயர். இறால் ஓடும் இடங்களைத் துறை துறையாகப் பிரித்து, எந்தத் துறையில் எந்த நாள் யார் கழி நட்டு வலை கட்டலாம் என்று ஆண்டுக்கொரு முறை சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். இன்று உனக்கு நல்ல துறை விழுந்தால் நாளை அடுத்தவனுக்கு. சீட்டில் பெயர் ஏற வேண்டுமென்றால் தலைக்கட்டு ஆக வேண்டும். அதற்கு ஆணாக இருக்க வேண்டும், கல்யாணம் ஆகியிருக்க வேண்டும், ஊர் ஒத்துக்கொள்ள வேண்டும். உன் நைனா காய்ச்சலில் போனபோது உனக்குப் பத்து வயது. அன்றோடு நம் வீட்டுச் சீட்டு நின்றது. நான் தையல் மெஷினை மிதித்தேன். நீ படித்து முடித்துத் துறைமுகத்துப் பக்கம் ஒப்பந்த வேலைக்குப் போனாய், அழைத்தால் போவாய், அழைக்காத மாதம் வீட்டில் இருப்பாய். உனக்குப் பெண் கொடுக்க வந்த சந்தியாவின் நைனா நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து சொன்னது உனக்கு நினைவிருக்கும். "கம்பெனி வேல இன்னிக்கி கீது, நாளைக்கி இல்ல. பாட்டுல பேரு ஏறுமா, அத்த சொல்லு. அது போதும் எனக்கு." கல்யாணம் ஆனதும் ஏறும் என்று தலைவர் உறுதி சொன்ன பிறகுதான் அவர் தண்ணீரே குடித்தார். அந்த உறுதியைத்தான் திங்கட்கிழமை நான் ஐந்து வாக்கியத்தில் உடைத்தேன்.

நான் ஏன் அந்தப் புத்தகத்துக்குள் போனேன் என்பதிலிருந்து தொடங்குகிறேன். கதைப் புத்தகம் எனக்கு அவ்வளவாக ஒட்டாது. பழவேற்காட்டுக் கிளை நூலகத்தில் புதிதாக வருகிற வரலாறு, அரசியல், மனிதன் ஏன் இப்படி நடந்துகொள்கிறான் என்று ஆராய்கிற புத்தகம், இவைதான் என் தீனி. ரவிக்கைக்கு ஊக்கு வைத்துக்கொண்டே பக்கம் புரட்டுவேன். நீ சின்னவனாக இருந்தபோது பசிக்கிறது என்று வந்தால் உன் நைனா, "இருடா, உங்கம்மா டில்லிய ஆண்டுக்கினு கீறா. ராஜ்யத்த முடிச்சிட்டுத்தான் சோறு" என்பார். கிண்டல்தான், ஆனால் பொன்னேரிக்குப் போனால் பழைய புத்தகக் கடையில் ஏதாவது ஒன்றை வாங்கி, மீன் கூடைக்குள் படாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வருவார். புதிதாக எழுதப்படும் வரலாறுகள் ராஜாக்களை விட்டுவிட்டு நம்மைப் போன்றவர்களைத் தேடி வருகின்றன, அது எனக்குப் பெருமையாக இருந்தது. நம்மைப் போன்றவர்களும் ராஜாக்களைப் போலவே நமக்குச் சாதகமாகத்தான் சொல்வோம் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன் நூலகர் சொல்லி, அந்தப் புத்தகத்தை எழுதிய அம்மா நம் வீட்டுக்கு வந்தார். சர்க்காரும் போலீசும் இல்லாமல் மனிதர்கள் ஒரு பொதுச் சொத்தைச் சண்டையில்லாமல் எப்படிப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று புத்தகம் எழுதுவதாகச் சொன்னார். மூன்று காலை வந்தார், மூன்று நாளும் நான் டீ போட்டேன். நீ வாசற்படியில் உட்கார்ந்து போனைப் பார்ப்பதுபோலப் பாவனை செய்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாய். நான் படித்த புத்தகங்களைப் போல ஒன்றை எழுதுகிற ஒருவர் என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். என் வாழ்க்கையில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை, உன் நைனா உட்பட. பாட்டைப் பற்றி, சீட்டைப் பற்றி, சண்டை வந்தால் ஊர் தீர்க்கும் விதம் பற்றி நான் சொன்னதெல்லாம் உண்மை. மூன்றாம் நாள் அவர் ஒன்று கேட்டார். "படகில் போனபோது நண்டுத்திட்டில் தண்ணிக்குள்ள பழைய கட்டைகள் பார்த்தேன். அது என்ன?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் தயங்கவே இல்லை. "அது மீன் சேர்றதுக்குப் போட்ட தழைங்க. நிழலுக்கு மீன் வந்து ஒதுங்கும்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "எவ்வளவு காலமாக இந்த முறை?" என்று கேட்டார். "அந்தக் காலத்துலருந்தே" என்றேன். என் பெயரைப் போட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். அதை அவர் என் அடக்கம் என்று நினைத்தார்.

இப்போது நண்டுத்திட்டில் இருப்பது என்ன என்று சொல்கிறேன். நம் ஊரில் நாற்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் இது தெரியும். தெரியாதவர்கள் நீயும் உன் வயதுக்காரர்களும் அந்தப் புத்தகத்தை எழுதிய அம்மாவும்தான்.

அப்போது உனக்கு ஆறு மாதம், எனக்கு இருபது நிரம்பவில்லை. ஒரே ஆண்டில் நிறையக் கல்யாணம் நடந்து தலைக்கட்டு கூடிப்போய், ஒவ்வொருவனுக்கும் முறை வர அதிக நாள் ஆயிற்று. நண்டுத்திட்டையும் பாட்டில் சேர்த்துக்கொள்வது என்று ஊர் முடிவு செய்தது. அந்தத் திட்டில் அதுவரை நாம் வலை கட்டியதில்லை. ஆழம் கிடையாது. மேட்டுக்காரர்கள்தான் அங்கே இறங்குவார்கள். வலையும் இல்லை, படகும் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து சேற்றைக் கையால் தடவித் தடவி இறாலும் நண்டும் எடுத்து, பல்லில் கடித்திருக்கும் பறி என்கிற ஓலைக்கூடையில் போட்டுக்கொள்வார்கள். ஆணும் பெண்ணும் அப்படித்தான். அவர்களை அங்கிருந்து போகச் சொல்ல வேண்டும், ஆனால் அடிதடி என்று போனால் போலீஸ் வரும். யாருக்கு அந்த யோசனை வந்தது என்று எனக்குத் தெரியாது. கையால் தடவிப் பிழைக்கிறவரை விரட்டச் சேற்றில் முள் இருந்தால் போதும்.

நம் வீட்டுக் கொல்லையில் உன் நைனாவும் இன்னும் நான்கு பேரும் வேலிகாத்தான் முள்மரத்தை வெட்டிக் குவித்தார்கள். உன்னைத் தூளியில் போட்டுவிட்டு நான் தென்னங்கயிற்றால் கட்டினேன். மிதக்காமல் இருக்க ஒவ்வொரு கட்டுக்குள்ளும் ஒரு கல்லை வைத்தேன். "இது இன்னாத்துக்கு?" என்று கேட்டேன். "மீன் சேர்றதுக்கு. தழை போட்டா மீன் ஒதுங்கும் இல்ல?" என்றார் உன் நைனா, என் முகத்தைப் பார்க்காமல். "எவனாவது கேட்டா அப்படியே சொல்லு." மீன் ஒதுங்க வேண்டுமென்றால் இலையோடு போடுவார்கள். இவர்கள் இலையை உதறிவிட்டு வெறும் முள்ளாகப் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தார்கள். மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தவள் நான், இது தெரியாதவள் இல்லை. கேட்டேன், ஒரு பதில் வந்தது, அந்தப் பதில் எனக்கு வசதியாக இருந்தது. கல்லை வைத்துக் கட்டிக்கொண்டே இருந்தேன். பத்தொன்பது வருடம் கழித்து அந்தம்மா கேட்டபோது கிட்டத்தட்ட அதே சொற்கள்தான் என் வாயிலிருந்து வந்தன.

முள் போட்ட பத்து நாளில் மேட்டுக்காரர்கள் திட்டுக்கு வருவது நின்றது. மேட்டிலிருந்து நம் தெருவுக்கு நண்டு விற்க வருகிற நாகம்மா சில வாரம் வரவில்லை. திரும்ப வந்தபோது கூடையை இடது கையால் இறக்கினாள்; வலது கையில் இரண்டு விரல் மடங்கியே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி, "கை இன்னா ஆச்சி?" என்று கேட்டாள். "முள்ளு. சீழ் வெச்சிடுச்சி" என்றாள். எங்கே குத்தியது என்று எங்கள் தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. நான் நண்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். நமக்காவது அந்தத் திட்டால் பெரிய நன்மை வந்ததா என்றால், முதல் வருடம் கட்டிய வலையெல்லாம் அந்த முள்ளிலேயே மாட்டிக் கிழிந்தது. "திட்டு நமக்குக் கெடச்சிது, வலை திட்டுக்குக் கெடச்சிது" என்று மீன் ஏலத்தில் நின்று சிரித்தார்கள். பிறகு பாதி முள்ளை நம் ஆட்களே கஷ்டப்பட்டு எடுத்தார்கள். மீதிதான் அந்தம்மா பார்த்த கட்டை.

உன் நைனாவுக்குச் சீட்டில் நண்டுத்திட்டு விழுந்தால் அதை யாருக்காவது மாற்றிக் கொடுத்துவிட்டு மோசமான துறை ஒன்றை வாங்கிக்கொள்வார். உனக்கு ஏழெட்டு வயதிருக்கும், ஏன் என்று கேட்டாய். காலில் ஆணி, அந்தச் சேற்றில் நிற்க முடியாது என்றார். அதை நீ இன்றும் நம்புகிறாய். அவர் காலில் ஆணி இருந்ததே இல்லை. நானும் அவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவர் உடம்புக்கு முடியாமல் கிடந்த கடைசி வாரத்தில் பேச நினைத்தார் என்று எனக்குத் தோன்றியது. நான் கஞ்சி எடுத்து வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன். உன் நைனாவை இப்போது ஊர் முன்னால் இழுத்து வைக்கிறேன் என்று நீ கோபப்படுவாய். அவர் கெட்டவர் என்று நான் எழுதவில்லை. அவர் வெட்டினார், நான் கட்டினேன். பேசாமல் இருந்ததில் இரண்டு பேருக்கும் பங்கு. உயிரோடு இருக்கிறவள் நான் என்பதால் என் பங்கைச் சொல்கிறேன், அவர் பங்கு கூடவே வந்துவிடுகிறது.

புத்தகம் வெளிவந்து அந்தம்மா ஒரு பிரதி அனுப்பியபோது என்னைவிட நீதான் குதித்தாய். "எங்கம்மா சொன்னது புக்குல வந்துகீது" என்று படகுத்துறையில் எல்லோரிடமும் காட்டினாய். நான் ஏழு நாள் அதைத் திறக்கவில்லை. திறந்தபோது அது இருந்தது. கிளைகளை மூழ்கவைத்து மீனுக்கு நிழல் தருகிற அழகான பழைய முறை, நண்டுத்திட்டைத் தலைமுறை தலைமுறையாக நம் ஊர் பேணி வந்ததற்கு அதுவே அடையாளம், மனிதன் இயல்பிலேயே பேராசைக்காரன் என்பவர்கள் இங்கே வந்து பார்க்க வேண்டும் என்ற பொருளில் எழுதியிருந்தார். நல்ல நடை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன், என்னை நம்பினார். ஆனால் மூன்று நாளும் நம் வீட்டில்தான் டீ குடித்தார். மேட்டுக்குப் போகவில்லை, போகச் சொல்லி நானும் சொல்லவில்லை. இனி நீ இப்படியொரு புத்தகத்தைப் படித்தால் அதில் யார் வீட்டில் டீ குடித்திருக்கிறார்கள் என்று கவனித்துப் படி. யார் பெயர் ஒரு முறைகூட வரவில்லை என்று பார். நான் இத்தனை புத்தகம் படித்தும், இது தெரிய ஒரு புத்தகத்துக்கு நானே பொய் சொல்ல வேண்டியிருந்தது.

இந்த வருடம் மற்ற ஆழமில்லாத இடங்களெல்லாம் மணல் ஏறிப்போக, மேட்டுக்காரர்கள் நண்டுத்திட்டில் இறங்க எங்களுக்கும் உரிமை உண்டு என்று மனுக் கொடுத்தார்கள். அமைதிப் பேச்சுக்கு இரண்டு பக்கத்தையும் பொன்னேரி தாலுகா அலுவலகத்துக்கு அழைத்தார்கள். தலைவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் அதிகாரியின் மேசையில் வைத்திருக்கிறார். இதைச் சொன்னது யார் என்று அதிகாரி கேட்க, நீ முன்னால் வந்து, எங்கம்மாதான் சார் என்று சொல்லியிருக்கிறாய். திங்கட்கிழமை என்னையும் அழைத்துவரச் சொன்னாராம். அன்று மாலை அதை என்னிடம் சொல்லும்போது உன் முகத்தில் எவ்வளவு சந்தோஷம். அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். திங்கட்கிழமை உன் வண்டியின் பின்னால் உட்கார்ந்து போகும்போதும், புத்தகத்தில் இருப்பதையே சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். உண்மையைச் சொல்லத் தீர்மானித்துக் கிளம்பினேன் என்று நீ நினைத்தால் அது தவறு. பொய் சொல்லத்தான் கிளம்பினேன்.

என் முறை வருவதற்கு முன்னால் நாகம்மாவை எழுப்பினார்கள். நீ வெளியே நின்றிருந்தாய், அதனால் அவள் பேசியதை நீ கேட்கவில்லை. தழை போட்டு மீன் சேர்த்தார்களாமே என்று அதிகாரி கேட்டார். "மீனு சேர்ந்துச்சானு அவங்களக் கேளு சார். நாங்க எறங்கனப்ப கையில முள்ளுதான் ஏறிச்சி" என்று கையை நீட்டிக் காட்டினாள். யார் போட்டது என்று கேட்டார். "தெரியாது சார்."

"இவங்க போட்டாங்கனு உங்க மனுவுல இருக்கே?"

"அத்த எழுதனவன் எழுதிட்டான். போடும்போது நான் பாக்கல. பாக்காதத எப்பிடி சார் சொல்றது?"

என்னை அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வாழ்நாள் முழுக்க மடங்கிப்போன விரலை வைத்துக்கொண்டு, எதிரிமேல் பழி போட வாய்ப்புக் கிடைத்தும், பார்க்காததைச் சொல்ல மாட்டேன் என்கிறாள். பார்த்தவள் நான் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருக்கிறேன். மனித இயல்பைப் பற்றி நான் படித்த எந்தப் பக்கமும் அந்த நேரத்தில் எனக்கு உதவவில்லை. என் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து, "அது தழை இல்ல சார். வேலிகாத்தான் முள்ளு. இவங்களை வரவிடாம பண்றதுக்குப் போட்டது. நானே கல் வெச்சிக் கட்டினேன். புக்குல இருக்கறது நான் சொன்ன பொய்" என்றேன்.

தலைவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். "ஏம்மா, புக்குல ஒண்ணு, இங்க ஒண்ணா? எதும்மா நெஜம்?"

"இதுதான் மாமா. உங்களுக்கும் தெரியும்."

அதிகாரி எழுதிக்கொண்டு வேறு நாள் வரச் சொன்னார். வெளியே குழாயடியில் நாகம்மா பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ, எனக்கே தெரியவில்லை. "இப்பத்தான் வாய் வந்துச்சா?" என்றாள். மூடியைத் திருகிக்கொண்டு போய்விட்டாள். அரை மணி நேரம் கழித்துத் திருப்பாலைவனத்தில் நீயும் கிட்டத்தட்ட அதையே கேட்டாய். இரண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கம் நின்று ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள்.

ஏன் இத்தனை வருடம் பேசவில்லை? முதலில் உன் நைனா மானம் என்று இருந்தேன். பிறகு உன் சீட்டு என்று இருந்தேன். அதற்கும் பிறகு பழகிவிட்டது, அதுதான் உண்மை. எங்கேயோ ஒரு நாட்டில் ஒரு கூட்டத்தை இன்னொரு கூட்டம் நிலத்தைவிட்டு விரட்டியதைப் படித்து நான் கண் கலங்கியிருக்கிறேன், நீயே பார்த்துக் கேலி செய்திருக்கிறாய். அதே நாளில் நாகம்மாவிடம் நண்டு வாங்கியிருக்கிறேன். படித்தால் மனசாட்சி கூர்மையாகும் என்பார்கள். என்னுடையதைப் படிப்பு நன்றாகத் தூங்கவைத்தது. தூரத்துத் துயரத்துக்கெல்லாம் வருத்தப்பட்டு முடித்ததில், நல்லவள் என்ற நினைப்பு எனக்குக் குறைவில்லாமல் கிடைத்துக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை தலைவர் வீட்டுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. அவரை நீ வில்லனாக நினைத்துவிடக் கூடாது. உன் நைனா இறந்த வருடம் முழுக்க ஒரு கூறு மீனை நம் வாசலில் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் போனவர் அவர். "உன்ன ஊர் ஒதுக்கி வெக்காதும்மா, நான் இருக்கற வரைக்கும் உட மாட்டேன்" என்றார். "எம் பேரு கெட்டுச்சி, உம் புருசன் பேரு கெட்டுச்சி. புள்ள பேராவது நிக்கட்டும்." ஒரு தாளைக் கொடுத்தார். உனக்கும் அதே தாளைக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். நாளை கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் நீ அதைப் படித்தால் சீட்டில் பெயர் ஏறும், சந்தியாவின் நைனாவையும் அவரே போய்ப் பார்த்துப் பேசுவார். இரண்டே வரிதான். என் தாய் சொன்னது அவர் சொந்தச் சொல், எங்கள் வீட்டுச் சொல் அல்ல என்பது முதல் வரி. நண்டுத்திட்டு பரம்பரையாக நம் ஊர்ப் பாட்டைச் சேர்ந்தது, அதில் வேறு யாரும் இறங்கியதில்லை என்பது இரண்டாவது.

முதல் வரியை நீ படி. தயங்காதே, குரலை இறக்காதே. அது உண்மை. உன்னைக் கேட்டுவிட்டு நான் பேசவில்லை, உன் வாழ்க்கையை நடுவில் வைத்திருக்கிறேன் என்று தெரிந்தும் பேசினேன். என்னைத் தள்ளிவைத்துப் பேச உனக்கு உரிமை உண்டு, அதற்காக ஆயுளுக்கும் உன்னைக் குத்திக் காட்ட மாட்டேன். நமக்குள் வயது வித்தியாசம் அவ்வளவு இல்லை. சேர்ந்து நடந்தால் அக்கா தம்பி என்பார்கள், உனக்கு எரிச்சல் வரும். நாம் இரண்டு பேரும் இன்னும் வெகுகாலம் இதே ஊரில் இருக்க வேண்டியவர்கள், அதனால் உன்னிடம் வீறாப்புப் பேசவும் எனக்கு விருப்பமில்லை. இரண்டாவது வரியை நீ படிக்க மறுத்தால் சீட்டுப் போகலாம், கல்யாணமும் தள்ளிப்போகலாம், நின்றேபோகலாம். அதை ஈடுகட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அந்தம்மாவுக்கும் எல்லாவற்றையும் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன், இந்த முறை என் பெயரைப் போட்டே எழுதச் சொல்லியிருக்கிறேன். சந்தியாவின் நைனாவை நானே போய்ப் பார்ப்பேன், திட்டினால் கேட்டுக்கொள்வேன். இவ்வளவுதான் என்னால் ஆகும்.

கூட்டத்தில் பெண்கள் உட்காரும் வழக்கமில்லை. வலை உலர்த்தும் இடத்துக்கு அந்தப்பக்கம் நின்று கேட்பேன். முதல் வரியை என்னைப் பார்த்தே படி. இரண்டாவது வரிக்கு முன்னால் ஒரு நிமிஷம் தலையைத் தூக்கிக் கூட்டத்தைப் பார். தெரிந்த முகங்களாகவே இருக்கும், எல்லோரும் உன்மேல் பிரியமாக, படிடா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். மேட்டிலிருந்து ஒருவரும் இருக்க மாட்டார்கள், அவர்களை யாரும் கூப்பிடவில்லை. நானும் அப்படி ஒரு காலையில்தான், அவர்களில் ஒருவரும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, டீயை ஆற்றிக் கொடுத்துக்கொண்டே அந்தம்மாவிடம் அதைச் சொன்னேன்.

உன் அம்மா